கோர் கூடினால் நினைவகமும் கூடும்

நான்கு கோர் கொண்ட சோதனைக் கணினியில் 500 மெகாபைட்டுக்குள் அடங்கி ஓடிய ஒரு சர்வர் நிரலை 64 கோர் கொண்ட பெரிய கணினிக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. வரும் கோரிக்கைகளும் அதே அளவுதான். ஆனால் நான்கைந்து நாளில் நினைவகப் பயன்பாடு ஒன்றரை ஜிகாபைட்டைத் தொட்டுவிடுகிறது. உடனே எல்லோர் வாயிலும் வரும் சொல் ‘மெமரி லீக்’. எழுதியவர்கள் நிரலை வரிவரியாகத் துழாவுகிறார்கள், வால்கிரைண்டில் போட்டுப் பார்க்கிறார்கள், ஒன்றும் அகப்படுவதில்லை. பல நேரங்களில் அகப்படாததற்குக் காரணம், அங்கே கசிவு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுதான். பல்லிழை நிரலுக்கு எவ்வளவு நினைவகம் தேவை என்பதை நிரல் மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை இழைகள் ஓடுகின்றன, கணினியில் எத்தனை கோர் இருக்கின்றன என்ற இரண்டு எண்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆகவே கணினி தானாகத் தேர்ந்துகொள்ளும் எண்ணை அப்படியே விட்டுவிடக் கூடாது; நிரலை ஓட்டுகிறவரே ஒரு வரம்பை முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான். லினக்ஸையும் அதில் பரவலாகப் புழங்கும் ஜிலிப்சி நூலகத்தையும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மற்ற இடங்களில் எண்கள் மாறும், கணக்கின் போக்கு மாறாது.

இது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள ஒரு கல்யாணச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உக்கிராண அறை ஒன்று, அதன் சாவி ஒருவரிடம். பத்துப் பேர் சமைக்கிறார்கள். யாருக்கு உப்பு வேண்டுமென்றாலும், பருப்பு வேண்டுமென்றாலும் சாவிக்காரர் வந்து திறந்து அளந்து கொடுக்க வேண்டும். பொருள் வீணாகாது, மிச்சம் அத்தனையும் ஒரே இடத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் உக்கிராண வாசலில் வரிசை நிற்கும், அடுப்பு காயும். வரிசையை ஒழிக்க ஒவ்வொரு சமையல்காரருக்கும் ஒரு தனி உக்கிராணம் கொடுத்துவிட்டால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு அறையிலும் அரை மூட்டை அரிசி, கால் டின் எண்ணெய் என்று பிரித்த பொருள் தங்கிவிடும். இவர் அறையில் மிஞ்சியதை அவர் எடுக்க முடியாது. மொத்தத்தில் வாங்க வேண்டிய பொருள் கூடிப்போகும். நினைவகம் கேட்கும் நிரல்களின் கதையும் இதுவேதான். நிரல் கேட்கும் நினைவகத்தை அளந்து கொடுக்கும் பகுதியை ஒதுக்கி என்கிறோம். டக் லீ எழுதிய ஒதுக்கி ஒரே உக்கிராணத்தை மனத்தில் வைத்து வளர்ந்தது. வோல்ஃப்ராம் குளோகர் அதைப் பல இழைகளுக்கு ஏற்றவாறு மாற்றி எழுதினார். அதுதான் பின்னால் ஜிலிப்சிக்குள் புகுந்து, இன்று லினக்ஸில் ‘மால்லாக்’ என்று அழைத்தால் பதில் சொல்லும் பகுதி. 2000ஆம் ஆண்டில் எமரி பெர்கரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ‘ஹோர்டு’ ஒதுக்கி பற்றிய கட்டுரை, தனித்தனி அறைகள் கொடுத்தால் நினைவகம் எவ்வளவு பெருகலாம் என்பதைக் கணக்காகவே காட்டியது. ஓர் இழை பொருளை உருவாக்க, இன்னோர் இழை அதை விடுவிக்கும் முறையில் ஓடும் நிரல்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடுவித்த துண்டு விடுவித்தவரின் அறைக்கே போகும் என்று ஓர் ஒதுக்கி வைத்திருந்தால், அங்கே பெருக்கத்துக்கு எல்லையே இருக்காது. உருவாக்குகிறவர் மேலும் மேலும் புதிதாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். விடுவிக்கிறவர் அறையில் அது குவிந்துகொண்டே போகும். துண்டு எந்த அறையிலிருந்து வந்ததோ அதற்கே திரும்ப வேண்டும் என்ற விதி இருந்தால் பெருக்கத்துக்கு ஒரு மேல்வரம்பு கிடைக்கும். ஜிலிப்சியில் இந்த விதி உண்டு. ஆனால் அந்த மேல்வரம்பு அறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

ஜிலிப்சி இந்த அறையை ‘அரீனா’ என்று அழைக்கிறது. 2009இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து, இழை ஒவ்வொன்றுக்கும் இயன்றவரை தனி அரீனா கொடுக்கும் போக்கு தொடங்கியது. ஓர் இழை முதன்முறை நினைவகம் கேட்கும்போது அதற்கு ஓர் அரீனா ஒட்டப்படுகிறது. முடிந்துபோன இழை விட்டுச்சென்ற அரீனா இருந்தால் அது கிடைக்கும். இல்லையென்றால் புதிதாக ஒன்று உருவாகும். எத்தனை வரை உருவாகலாம்? 64 பிட் கணினியில் கோர்களின் எண்ணிக்கையைப் போல் 8 மடங்கு. 32 பிட்டில் 2 மடங்கு. நான்கு கோர் என்றால் 32. அறுபத்துநான்கு கோர் என்றால் 512. இந்த வரம்பை எட்டிய பிறகுதான் இழைகள் அரீனாக்களைப் பங்குபோட்டுக்கொள்ளும். இழை முடிந்துபோனாலும் அதன் அரீனா கலைக்கப்படுவதில்லை. அடுத்து வரும் இழைக்காகக் காத்துக் கிடக்கிறது. அதனால் இப்போது எத்தனை இழைகள் ஓடுகின்றன என்பதைவிட, இதுவரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை ஓடின என்பதுதான் கணக்கு. காலை பத்து மணி நெரிசலில் 200 இழைகளாகப் பெருகி மதியம் 20ஆகச் சுருங்கும் நிரலுக்குள் மதியமும் 200 அரீனாக்கள் இருக்கும்.

இதில் முதலில் பயமுறுத்தும் எண் எது, உண்மையில் தொல்லை தரும் எண் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ‘டாப்’ கட்டளையைத் தட்டினால் ஒரு பத்தியில் மெய்நிகர் அளவும் இன்னொன்றில் உண்மையில் இருப்பில் உள்ள அளவும் தெரியும். பின்னதைத்தான் ஆர்எஸ்எஸ் என்கிறோம். ‘பிமேப்’ கட்டளையை அந்த நிரலின் எண்ணோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். நீண்ட பட்டியலில் இரண்டு இரண்டாகச் சேர்ந்த வரிகள் திரும்பத் திரும்ப வரும்: 132 கிலோபைட், படிக்கவும் எழுதவும் அனுமதி உள்ளது, அதற்கு அடுத்த வரியில் 65404 கிலோபைட், எந்த அனுமதியும் இல்லாமல் வெறும் கோடுகளாக. இரண்டையும் கூட்டினால் 65536 கிலோபைட், அதாவது துல்லியமாக 64 மெகாபைட். அரீனா ஒவ்வொன்றும் முகவரி வெளியில் 64 மெகாபைட்டை வேலி போட்டு வைத்துக்கொண்டு, அதில் ஒரு மூலையை மட்டும் உழுகிறது. 200 அரீனாக்களுக்கு இப்படி 12,800 மெகாபைட். இதோடு இழை ஒவ்வொன்றின் ஸ்டாக்கும் வழக்கமான அமைப்பில் 8 மெகாபைட் என்று வேலி போட்டுக்கொள்ளும். அது இன்னொரு 1600 மெகாபைட். இவை முகவரிகள் மட்டுமே. ரேமில் இடம் பிடிப்பவை அல்ல. கெர்னல், ஒரு பக்கத்தை நிரல் தொட்ட பிறகுதான் அதற்கு உண்மையான ரேமைக் கொடுக்கிறது. ஆகவே மெய்நிகர் அளவு 14 ஜிகாபைட் என்று கண்டு கலங்க வேண்டாம். ஆனால் அதை முழுக்கப் புறக்கணித்துவிடவும் முடியாது. மெய்நிகர் அளவுக்கே வரம்பு கட்டியிருக்கும் இடங்கள் உண்டு. ஷெல்லில் ‘யூலிமிட்’ கட்டளை வழியாக அப்படி ஒரு வரம்பு இருந்தால் அது இந்த வேலிகளையும் எண்ணும். ஹடூப்பின் யார்ன், ஒதுக்கிய நினைவகத்தைப் போல் 2.1 மடங்குக்கு மேல் மெய்நிகர் அளவு போனால் அந்த வேலையைக் கொன்றுவிடும்படிதான் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. புதிய ஜிலிப்சி வந்தபோது அங்கே வேலைகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்ததால்தான், ஹடூப்பின் தொடக்க நிரல்களிலேயே அரீனா வரம்பை 4 என்று எழுதிவைத்தார்கள்.

உண்மையான தொல்லை ஆர்எஸ்எஸ் ஏறுவதும், ஏறிய பின் இறங்க மறுப்பதும். நிரல் விடுவித்த நினைவகம் ஏன் கணினிக்குத் திரும்புவதில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, எக்ஸ்86 கணினியில் ரேம் 4096 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் கொடுக்கவும் வாங்கவும் படுகிறது. ஒரு பக்கத்தில் 48 பைட் கொண்ட ஒரு சிறு பொருள் உயிரோடு இருந்தால், மீதி நாலாயிரம் பைட்டும் அதோடு சேர்ந்து பிடிபட்டுக் கிடக்கும். இரண்டாவது காரணம் இன்னும் கடுமையானது. விடுவிப்பு நடக்கும்போது ஜிலிப்சி தானாகக் கணினிக்குத் திருப்பிக் கொடுப்பது அரீனாவின் உச்சியில் தொடர்ச்சியாகக் காலியாக இருக்கும் பகுதியை மட்டும். ஒரு கோரிக்கை 6 மெகாபைட் அளவுக்குச் சிறு பொருள்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பதிவை நீண்டகாலத்துக்கான அட்டவணையில் வைத்துவிட்டு முடிகிறது என்று கொள்வோம். 6 மெகாபைட்டும் விடுவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் உச்சியில் அந்த ஒரு பதிவு உட்கார்ந்திருக்கிறது. புகைப்போக்கியின் வாயில் ஒரு பறவைக் கூடு கட்டியதுபோல, கீழே உள்ள வெற்றிடம் அத்தனையும் அடைபட்டுப் போகிறது. அந்த இடம் வீணாகவில்லைதான். அதே அரீனாவைப் பயன்படுத்தும் இழை மறுபடி கேட்டால் கிடைக்கும். ஆனால் பக்கத்து அரீனாவுக்கு அது எட்டாது. பெரிய துண்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். 128 கிலோபைட்டுக்கு மேற்பட்டவை கெர்னலிடமே தனியாக வாங்கப்பட்டு, விடுவித்ததும் உடனே திரும்பிவிடும் என்பது அவர்கள் வாதம். அது முதல் தடவைக்கு மட்டும் உண்மை. அப்படி ஒரு துண்டு விடுவிக்கப்பட்டதும் ஜிலிப்சி தன் எல்லையை அந்தத் துண்டின் அளவுக்கு உயர்த்திக்கொள்கிறது. 32 மெகாபைட் வரை உயர்த்தும். அடுத்த முறை அதே அளவு கேட்டால் அரீனாவுக்குள்ளிருந்தே கொடுக்கும்.

இப்போது முதலில் சொன்ன நிரலுக்கு வருவோம். அடிப்படைத் தேவை 300 மெகாபைட். 200 இழைகள். சாதாரணக் கோரிக்கைகள் சிறியவை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓர் அறிக்கை கேட்கும் பெரிய கோரிக்கை வருகிறது. அது தற்காலிகமாக 6 மெகாபைட் எடுத்து, மேலே சொன்னபடி ஓர் அடைப்பை விட்டுவிட்டுப் போகிறது. எந்த இழைக்கு அது போய்ச் சேரும் என்பது தற்செயல். ஒரே உக்கிராணம் இருந்தால் இந்தப் பெரிய கோரிக்கைகளுக்காக மொத்தம் தேவைப்படுவது ஏறத்தாழ 6 மெகாபைட்தான். ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது உட்காரும். நான்கு கோர் கணினியில் 32 அரீனாக்கள். மோசமான நிலையில் 32 பெருக்கல் 6, அதாவது 192 மெகாபைட். அடிப்படையோடு சேர்த்தால் 492. அறுபத்துநான்கு கோர் கணினியில் வரம்பு 512 என்பதால் 200 இழைகளுக்கும் தனித்தனி அரீனா. 200 பெருக்கல் 6, அதாவது 1200 மெகாபைட். அடிப்படையோடு 1500. அதே நிரல், அதே சுமை. இதோடு நிற்கவில்லை. இந்த ஏற்றம் எவ்வளவு நாளில் நடக்கும் என்பதையும் கணக்கிடலாம். 32 அரீனாக்களும் ஒவ்வொன்றும் ஒருமுறையாவது பெரிய கோரிக்கையைச் சந்திக்க, தற்செயலாக விழும் கோரிக்கைகள் சராசரியாக 130 தேவை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 11 மணி நேரம். 200 அரீனாக்களுக்கு ஏறக்குறைய 1176 தேவை. அது 98 மணி நேரம், நான்கு நாளுக்கு மேல். முதல் பாதி அரீனாக்கள் 12 மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். மீதிப் பாதிக்குத்தான் மூன்றரை நாள் பிடிக்கும். இதனால்தான் சோதனைக் கணினியில் ஒரே இரவில் சமனாகிவிட்ட வரைபடம், உண்மைக் களத்தில் நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அது கசிவு போலவே தெரிகிறது. இரண்டாம் நாள் யாராவது நிரலை நிறுத்தி மறுபடி தொடங்கினால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். சமநிலையை யாரும் பார்க்கவே மாட்டார்கள். வாரம் ஒருமுறை மறுதொடக்கம் என்று வழக்கம் வைத்திருக்கும் இடங்கள் பலவற்றில் நோய் என்னவென்றே தெரியாமல் மருந்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

அரீனா மட்டுமே செலவு அல்ல. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வோர் இழைக்கும் கெர்னல் தன் பக்கத்தில் 16 கிலோபைட் ஸ்டாக் வைக்கிறது. 200 இழைக்கு மூன்று மெகாபைட் சொச்சம், பொருட்படுத்த வேண்டியதில்லை. 2017இல் வந்த ஜிலிப்சி 2.26, இழைக்கென்று பூட்டே இல்லாத ஒரு சிறு சேமிப்பைச் சேர்த்தது. அறிமுகமானபோது அதன் வழக்கமான அமைப்பில் இழைக்கு அதிகபட்சம் கால் மெகாபைட்டுக்குள்தான். வேகத்துக்காக வேண்டுமென்றே நினைவகத்தைத் தியாகம் செய்யும் இன்னொரு வழக்கமும் உண்டு. செயலியின் கேஷ் 64 பைட் வரிகளாக இயங்குவதால், இரண்டு கோர்கள் மாறி மாறி எழுதும் இரண்டு எண்கள் ஒரே வரியில் அமர்ந்துவிட்டால் அந்த வரி கோருக்குக் கோர் பந்தாடப்படும். அதைத் தவிர்க்க, 8 பைட் எண்ணுக்கு 64 பைட் இடம் விடுகிறார்கள். 64 கோருக்கும் தனித்தனி எண் வைத்தால் ஒரே ஓர் எண்ணிக்கைக்கு 4096 பைட், அதாவது ஒரு முழுப் பக்கம். இதுவும் நியாயமான செலவுதான். கோர் கூடக் கூட இதுவும் கூடுகிறது என்பதற்காகவே இங்கே சொல்கிறேன்.

கன்டெய்னர்கள் இந்தக் கணக்கை இன்னும் கூர்மையாக்கிவிட்டன. 64 கோர் கொண்ட தாய்க் கணினியில் ஒரு கன்டெய்னருக்கு இரண்டு கோர் அளவு நேரமும் ஒரு ஜிகாபைட் நினைவகமும் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கியவர் மனத்தில் இருப்பது இரண்டு கோர் கணினி. ஆனால் ஜிலிப்சி, சிக்ரூப் வழியாக விதிக்கப்படும் நேர ஒதுக்கீட்டைப் பார்ப்பதில்லை. அதன் கண்ணுக்குத் தெரிவது தாய்க் கணினியின் கோர்கள். எனவே வரம்பு 16 அல்ல, 512. நினைவகம் இரண்டு கோர் கணினிக்கு, அரீனா 64 கோர் கணினிக்கு. ஒரு ஜிகாபைட்டைத் தாண்டியதும் கெர்னல் அந்த நிரலைக் கொல்கிறது. வெளியே தெரிவது 137 என்ற முடிவு எண் மட்டும். 128ஐயும் 9ஆம் எண் கொலைச் சைகையையும் கூட்டினால் வருவதுதான் அந்த 137. ஜாவா இந்தச் சிக்கலைத் தன் பங்குக்குச் சரிசெய்துகொண்டது. ஜேடிகே 10 முதலும், பழைய 8ஆம் பதிப்பில் 191ஆம் புதுப்பிப்பு முதலும் அது கன்டெய்னரின் வரம்புகளைப் பார்த்து ஹீப்பையும் உள்வேலை இழைகளையும் அமைத்துக்கொள்கிறது. ஆனால் ஜாவாவுக்கு அடியில் இருக்கும் ஜிலிப்சிக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை.

சரி, உங்கள் நிரலில் நடப்பது கசிவா, தேக்கமா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் இதில் அவசரப்படக் கூடாது. ஒதுக்கி கணினியிடமிருந்து வாங்கி வைத்திருப்பது எவ்வளவு, அதில் நிரல் கையில் உயிரோடு இருப்பது எவ்வளவு என்ற இரண்டு எண்கள் வேண்டும். ஜிலிப்சியில் ‘மால்லாக் இன்ஃபோ’ என்ற செயற்கூறு அரீனாவாரியாக, வாங்கியதையும் காலியாக வைத்திருப்பதையும் எழுதித் தரும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் உயிரோடு இருப்பது வந்துவிடும். நிரலில் ஒரு நிர்வாக வழி அமைத்து, கேட்டபோது இந்த அறிக்கையைக் கோப்பில் எழுதும்படி செய்வது ஒரு மணி நேர வேலை. அதைப்போல் பயன் தரும் வேலை வேறு இல்லை. உயிரோடு இருப்பது ஏறிக்கொண்டே போனால் கசிவு, நிரலில் தேடுங்கள். வாங்கியது ஏறி, உயிரோடு இருப்பது அப்படியே நின்றால் தேக்கம். உறுதி செய்ய இன்னொரு சோதனையும் உண்டு. ‘மால்லாக் டிரிம்’ என்ற செயற்கூறை பூஜ்யம் என்ற மதிப்போடு அழைத்தால், உச்சியில் மட்டுமன்றி நடுவில் முழுதாகக் காலியாக இருக்கும் பக்கங்களையும் கெர்னலிடம் ஒப்படைக்கும். அழைத்ததும் ஆர்எஸ்எஸ் சட்டென்று விழுந்தால் சந்தேகமே வேண்டாம், தேக்கம்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை. இதை ஓடும் நிரலுக்குள் ஜிடிபி வழியாகச் செருகி அழைக்கும் குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. ஏதாவது ஓர் இழை அரீனாப் பூட்டைக் கையில் வைத்தபடி நிறுத்தப்பட்டிருந்தால் நிரல் முழுதும் அப்படியே உறைந்துவிடும். வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் அதைச் செய்யாதீர்கள்.

தேக்கம் என்று உறுதியானால், செய்ய வேண்டியது அரீனாக்களுக்கு வரம்பு கட்டுவது. ‘மால்லாக் அரீனா மேக்ஸ்’ என்ற சூழல் மாறிக்கு ஓர் எண் கொடுத்து நிரலைத் தொடங்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், மூன்று சொற்களுக்கும் இடையே அடிக்கோடு இட்டு எழுதுங்கள். கடைசியில் அடிக்கோடு கிடையாது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு: பெரிய துண்டுகளின் எல்லையை நிலைநிறுத்தும் ‘மால்லாக் எம்மேப் த்ரெஷோல்டு’ மாறிக்குக் கடைசியிலும் ஓர் அடிக்கோடு வேண்டும். தவறாக எழுதினால் பிழைச் செய்தி வராது, பயனும் இருக்காது. என்ன எண் கொடுப்பது? ஹடூப் 4 வைத்திருக்கிறது. ரூபியில் எழுதிய வலைச்செயலிகளுக்கு ஹீரோக்கு தளம் 2 என்று பரிந்துரைக்கிறது. நம் எடுத்துக்காட்டு நிரலுக்கு 4 கொடுத்தால் மோசமான நிலையிலும் தேக்கம் 24 மெகாபைட். 1500 என்பது 324க்கு இறங்குகிறது. நான் 4இல் தொடங்கச் சொல்வேன். வேகம் குறையவில்லை என்றால் 2, குறைந்தால் 8.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வரிசை நிற்கிறது என்பதற்காகத்தானே அரீனாக்களையே பிரித்தார்கள்? மறுபடி குறைத்தால் பழைய வரிசை திரும்பிவிடாதா? திரும்பும், சில நிரல்களில். இதை மூடி மறைக்கக் கூடாது. ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மசல் நூலகத்தைப் பாருங்கள். அதன் ஒதுக்கி ஒரே பூட்டோடு வேலை செய்கிறது, நினைவகம் சிக்கனம், ஆனால் பல இழைகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் நிரல் அதில் தவழ்கிறது. ஆனால் 2009இல் இருந்த நிலை இப்போது ஜிலிப்சியில் இல்லை. 2.26 பதிப்பு சேர்த்த அந்தச் சிறு சேமிப்பு, ஏறத்தாழ ஒரு கிலோபைட் வரையிலான துண்டுகளை அரீனாவின் வாசலுக்கே போகாமல் இழையின் மடியிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. சர்வர் நிரல்கள் கேட்பதில் பெரும்பகுதி அப்படிப்பட்ட சிறு துண்டுகள்தான். சமையல்காரர் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் அஞ்சறைப்பெட்டி இருந்தால், உக்கிராணம் நான்கு மட்டும் இருப்பது பெரிய இடைஞ்சல் அல்ல. தரவுத்தளத்துக்கும் வலையமைப்புக்கும் காத்திருப்பதிலேயே பொழுதைக் கழிக்கும் நிரல்களுக்கு இந்த வரிசை பொருட்டே அல்ல. மாறாக, எண்கணக்கிலேயே மூழ்கி, எல்லாக் கோர்களிலும் இடைவிடாமல் பெரிய பெரிய துண்டுகளை வாங்கி விடும் நிரல் என்றால் மறுப்பு சரி. அங்கே வரம்பைத் தளர்த்துங்கள். எது உங்கள் நிரல் என்பதை விவாதம் தீர்க்காது. அதே சுமையை இரண்டு அமைப்பிலும் ஓட்டி, சராசரியை மட்டுமல்லாமல் மிகத் தாமதமான ஒரு விழுக்காட்டுக் கோரிக்கைகளின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். மேலே போட்ட கணக்கு நினைவிருக்கட்டும்: ஒரு மணி நேரச் சோதனை வேகத்தைச் சொல்லும், நினைவகத்தைச் சொல்லாது.

இன்னொரு மறுப்பு, ஒதுக்கியையே மாற்றிவிட்டால் என்ன என்பது. ஜேசன் எவன்ஸ் ஃப்ரீபிஎஸ்டிக்காக எழுதிய ஜெமால்லாக், கூகுளின் டிசிமால்லாக், மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்திலிருந்து 2019இல் வந்த மிமால்லாக் மூன்றும் நல்ல கருவிகள். ஜெமால்லாக் காலியான பக்கங்களை, இயல்பான அமைப்பில் பத்து விநாடி அளவிலான கால எல்லை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. நம் புகைப்போக்கி அடைப்பு அதில் இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனால் அதுவும் இயல்பாகக் கோர் ஒன்றுக்கு 4 அரீனா என்றுதான் தொடங்குகிறது; 64 கோரில் 256. டிசிமால்லாக்கின் புதிய வடிவம் இழைக்கொரு சேமிப்பு என்பதை விட்டுக் கோருக்கொரு சேமிப்பு என்று மாறியிருக்கிறது. இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நிரல்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனாலும் பெருக்கும் எண் கோர்களே. எந்த ஒதுக்கியை எடுத்தாலும் பூட்டுக்காகக் காத்திருக்காத வேகத்தை நினைவகம் கொடுத்துத்தான் வாங்குகிறோம். விலை மாறும், விலை இல்லாமல் போகாது. ஜாவா போன்ற மொழிகளில் குப்பை அள்ளும் ஏற்பாடு இருப்பதால் இந்தக் கவலை இல்லை என்பதும் பாதி உண்மை. ஜாவாவின் ஹீப்புக்கு மேல்வரம்பு உண்டு. இழைகள் அதற்குள்தான் பங்கு பிரிக்கின்றன. ஆனால் சுருக்கும் நூலகங்கள், மறைகுறியாக்கம் போல அடியில் சி மொழியில் ஓடும் பகுதிகள் ஹீப்புக்கு வெளியே ஜிலிப்சியிடம்தான் கேட்கின்றன. ஹீப் 2 ஜிகாபைட்டோடு நிற்க, ஆர்எஸ்எஸ் 4 ஜிகாபைட்டைத் தொடும் ஜாவா நிரலில் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் அரீனாவும் ஒன்று.

நினைவகம் மலிவு, கூடுதலாக வாங்கிப் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான். ஒரு நிரல், ஒரு கணினி என்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் அந்த நிரல் 30 கன்டெய்னர்களாக ஓடுகிறது என்றால், ஒவ்வொன்றிலும் தேங்கும் 1176 மெகாபைட் சேர்ந்து 34 ஜிகாபைட்டுக்கு மேல். மாதாமாதம் கட்டணம் கட்டும் 34 ஜிகாபைட் அது. யாரும் அதில் எதையும் எழுதுவதுமில்லை, படிப்பதுமில்லை.

எல்லா நிரலுக்கும் இந்த வரம்பு தேவையில்லை. இழைகள் எட்டோ பத்தோ இருந்து, நினைவகம் சமனாகி நிற்கிறது என்றால் எதையும் தொட வேண்டாம். இழைகள் பலவாகி, கணினி பெரிதாகி, அல்லது கன்டெய்னருக்குள் போகிறது என்றால் வரம்பை எழுதுங்கள். எழுதும் இடத்திலேயே, சேவைக் கோப்பில் அந்த எண்ணுக்கு மேல் ஒரு குறிப்பாக, எத்தனை கோர் கணினியில் எத்தனை இழைகளோடு எத்தனை நாள் ஓட்டிப் பார்த்து இந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு கணினி மாறும்போது அந்தக் கோப்பைத் திறப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.